ரெண்டாவது கூப்பாடு

ராசு,

நீ அனுப்பின கேம் பொட்டி வந்து சேந்துச்சு. கூரியர்காரன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு வரைக்கும் ஏறி வர சோம்பல்பட்டு நடுவட்டம் பஸ் ஸ்டாப் டீக்கடையிலயே குடுத்துட்டுப் போயிட்டான். டீக்கடைக்காரர் அதை பிஸ்கட் டப்பா மேல வெச்சு, போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டியிருக்காரு. "கேம் கம்பெனியில வேலைன்னீங்க, உங்க பையன் கேமே பண்ணிட்டானா?"ன்னு கேட்டாரு. பண்ணிட்டான்னேன். பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை கேமை மூடி அனுப்பிருவோம், அதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது, அதுக்குள்ள ஆடிப் பாத்து உண்மையைச் சொல்லும்மான்னு சொன்ன. அம்மாகிட்டப் போயி உண்மையைச் சொல்லுன்னு கேக்குறது வம்பை விலை குடுத்து வாங்குற வேலை. வாங்கிட்ட, இப்ப உக்காந்து படி. போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிருவ, அதனாலதான் எழுதி, போன்ல படம் புடிச்சு அனுப்புறேன். படிச்சு முடிச்சிட்டு உன்கூட வேலை செய்யிற பிள்ளைங்களுக்கும் காட்டு. கேம் அவங்களோடதும்தானே.

பொட்டி மேல என்னமோ இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு, கோதிக்குன்னா என்னடான்னு உன்னைக் கேட்டேன். பழைய பங்களா, இருட்டு, மழை, பேய், அழகா ஒரு சோகம், அதாம்மா கோதிக்குன்ன. நல்லா சொன்ன போ. நம்ம ஊருல அதுக்குப் பேரு ஆடி மாசம். நான் வேலை பாக்குற பிள்ளைக் காம்பராவுல மத்தியானம் கஞ்சி குடுத்துப் பிள்ளைங்களைத் தூங்கப் போட்டா, அம்மாக்காரிங்க பறிச்ச கொழுந்தை எடை போட்டுட்டு வர்ற வரைக்கும் எனக்கும் கூட வேலை பாக்குற மல்லிகாவுக்கும் வேலை இல்ல. அந்த நேரத்துல ஜன்னல்ல மிஸ்ட் வந்து ஒட்டிக்கும், எதிர்ல இருக்கிற சவுக்கு மரம்கூடத் தெரியாது. அங்க உக்காந்துதான் உன் கேமை ஆடுனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வர்ற அந்தக் கேம் பையன் மொத நாள் முழுக்க பங்களா வாசப்படியைத் தாண்டல. குதிக்கச் சொன்னா குனியறேன், குனியச் சொன்னா கத்தியை வீசுறேன். மல்லிகா எட்டிப் பாத்து, "ஏனுங்கக்கா, இந்தப் பையன் படியில உளுந்து சாகறதுக்குத்தான் மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ் ஏறி வந்தானுங்களா?"ன்னு சிரிச்சா. ஆனா ஒண்ணு சொல்றேன். எத்தனை தடவை செத்தாலும் எனக்கு உன் மேல கோபம் வரல, என் மேலதான் வந்துச்சு. அந்தக் கறுப்பு நாய் பாயறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுது, அதைக் கவனிக்காதது என் தப்பு. விரல் அமுக்கின அந்த நொடியே அவன் குதிக்கிறான், வஞ்சனை இல்ல. சாகடிக்கிற கேம் நியாயமா சாகடிக்கணும். அதுல நீ பாஸ்.

முன்னெல்லாம் இந்தக் கை கேமைப் பாத்தாலே எனக்கு ஆகாது. கூடலூர் சந்தையில உங்கப்பா பழசா ஒண்ணு வாங்கிக் குடுத்தாரே, அதை ஒரு தடவை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சேன், ஞாபகம் இருக்கா? நீ தேடித் தேடி அழுத. அப்புறம் நானே அதை மறந்து போயி, சோறாக்க அரிசி அள்ளும்போது படியில வந்துச்சு. அப்ப எனக்கு அது ஒரு சனியன். இப்ப நானே மடியில வெச்சு, சால்வையை மேல போத்திக்கிட்டு ஆடுறப்பதான் புரியுது. டிவியில பேய் வந்தா எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பாக்கலாம். இது கையில இருக்கு. பயப்படுற கையேதான் பயத்தைப் புடிச்சிருக்கு. ஜன்னல் பக்கம் திரும்புனா அங்கேயும் மிஸ்ட்டு, குனிஞ்சா இங்கேயும் மிஸ்ட்டு. எது பொட்டிக்குள்ள இருக்கு, எது வெளிய இருக்குன்னு ஒரு நேரம் எனக்கே தெரியல. பெரிய டிவியில இதை ஆடுனா வெறும் பேய்ப் படம் மாதிரிப் போயிருக்கும்.

அந்த பங்களா நம்ம மேல் டிவிஷன்ல மூடிக் கிடக்கிற பங்களாதான்னு பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். புகைபோக்கி சாஞ்சிருக்கிறதைக்கூட விடல நீ. உள்ள நான் போனதே இல்ல, நீ மட்டும் எப்படா போன, களவாணி! நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி போத்தியிருக்கு. சாப்பாட்டு மேசையில தட்டு வெச்சிருக்கு, தட்டுல ஈரம் இருக்கு, ஆளில்ல. மாடியில அந்த வெள்ளைக்காரத் துரைசானி படம்; நான் கீழ போயிட்டு மறுபடி வந்து பாத்தா அவ கொஞ்சம் திரும்பியிருக்கா. யாரும் கத்தல, ரத்தம் கொட்டல, அவ கொஞ்சம் திரும்பியிருக்கா, அவ்வளவுதான். அன்னைக்கு நான் மல்லிகாவை விட்டுட்டுத் தனியா வீட்டுக்கு நடக்கல. இப்படித்தான் பயம் காட்டணும். மூணாவது மாடியில அவ்வளவு வௌவாலை விட்டிருக்கியே, அது எதுக்கு? வௌவால் தொல்லை, பயமில்ல. பாதியை விரட்டு. எழுத்தும் எறும்பு மாதிரி இருக்கு, உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இருபது வயசுக் கண்ணு போல.

பூட்டுன கதவுங்களைப் பத்தி சொல்லணும். மொத நாளே கீழ ஒரு கொடி மூடுன கதவைப் பாத்தேன், திறக்க வழியில்ல. போயிட்டேன், ஆனா மனசுல இருந்துச்சு. சோறாக்கும்போதுகூட அந்தக் கதவு நெனப்புதான். நாலு நாள் கழிச்சு எங்கேயோ ஒரு பரண்ல அந்தக் கவ்வாத்துக் கத்தி கிடைச்சுச்சு. தேயிலைச் செடி வெட்டுற அந்த வளைஞ்ச கத்தி, புடியில சுத்துன சிவப்பு ஒயர், உங்கப்பாவோடது. பாத்ததும் பொட்டியைக் கீழ வெச்சிட்டேன். தண்ணி குடிச்சிட்டு வந்துதான் எடுத்தேன். அதை வெச்சு அந்தக் கொடியை வெட்டிக் கதவைத் திறந்தப்ப, ஏதோ என் சொந்த வீட்டையே புதுசாப் பாத்த மாதிரி இருந்துச்சு. புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போறது பெருசில்ல ராசு, யார் வேணா செய்வான். பழைய இடத்துக்கே திரும்பக் கூட்டிட்டு வந்து, அன்னைக்கு முடியாததை இன்னைக்கு முடிய வைக்கிறதுதான் பெருசு. அது உன் கேம்ல நடக்குது.

அதே மாதிரி அந்த அடுப்பு ரூம். ஆடுன வரைக்கும் பத்திரப்படுத்தி வைக்கிற இடம்னு சொன்னியே, அங்க வந்ததும் பாட்டு நின்னுருது, விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேக்குது. நம்ம லயத்துக் காம்பராவை அப்படியே வெச்சிருக்க, கரி பிடிச்ச கெட்டிலோட. அந்தப் பையன் ஒரு டம்ளர்ல டீ ஊத்திக் குடிக்கிறான். பக்கத்துல இன்னொரு டம்ளர் கவுத்து வெச்சிருக்கு, எந்த அடுப்பு ரூமுக்குப் போனாலும் அது கவுத்துத்தான் இருக்கு. நானும் பட்டனையெல்லாம் அமுக்கிப் பாத்தேன், அதை நிமித்த முடியல. பயம் காட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது, நடுவுல உக்கார வைக்கவும் தெரியணும். அங்க உக்காந்துதான் எனக்கு வெளிய போகவே மனசில்லாமப் போச்சு.

இப்ப கூப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன். உன்கூட வேலை செய்யிற பிள்ளைங்களுக்கு நம்ம பழக்கம் தெரியுமோ தெரியாதோ, அவங்களுக்காக எழுதுறேன். மிஸ்ட் இறங்குனா மலையில ஆளை ஆள் தெரியாது, குரல் குடுத்துத்தான் கண்டுபிடிப்போம். ஆனா பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா மொதக் கூப்பாட்டுக்குப் பதில் குடுக்கக் கூடாது. ரெண்டாவதுக்கும் கூடாது. பேய் மூணு தடவை கூப்பிடாது, மனுசன்தான் கூப்பிடுவான். மூணாவது கேட்டாத்தான் "இந்தா வர்றேன்"னு குரல் குடுக்கணும். சிலோன்ல கண்டிப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து எங்க சனம் கப்பலேறி வரும்போது துணிமணியோட இதையும் கொண்டு வந்துச்சு. நீ நடக்கப் பழகும்போதே உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். அதை அப்படியே கேம்ல வெச்சிருக்க. பதில் சொல்ல ஒரு பட்டன். மிஸ்ட்டுக்குள்ள இருந்து கூப்பிடும். அவசரப்பட்டு அமுக்கிட்டா ஏதோ ஒண்ணு நெளிஞ்சு வருது, அதுக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்துல கழுத்து இல்ல. பொறுத்திருந்து மூணாவதுக்கு அமுக்குனா வழி தெளியுது. எனக்கு இது கைவந்த கலை. வேற ஊர்ப் பிள்ளைங்க இந்த இடத்துல நிறைய சாவாங்க, நல்லா வேணும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைசி இடத்துக்கு வந்தேன். பங்களாவுக்குப் பின்பக்கம் இறங்கி ஓடைக்குப் போற சரிவு. பிள்ளைங்க தூங்குது, மல்லிகா கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கிட்டிருக்கா, ஜன்னல்ல மிஸ்ட். பொட்டியில சத்தத்தை நல்லா கூட்டி வெச்சிருந்தேன். பாட்டு நின்னுச்சு. அப்ப உங்கப்பா கூப்பிட்டாரு.

"ராசூ…"

யாரோ நடிச்ச குரல் இல்ல. அவரேதான். கேம் முழுக்கப் பேரே இல்லாம இருந்த பையனுக்கு அங்கதான் பேரு வந்துச்சு. மல்லிகா கழுவுறதை நிறுத்திட்டா. அவளுக்கு நான் பொட்டியில ஆடுறேன்னு தெரியும், இருந்தாலும் அவ பொட்டியைப் பாக்கல, ஜன்னலைத்தான் பாத்தா. "ஏ ராசூ…"ன்னு ரெண்டாவது கேட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கல, மூணாவதுக்குக் காத்திருந்தோம். சத்தியமா சொல்றேன், பொட்டிக்குள்ள இருந்து வர்ற குரலுக்கும் காத்திருந்தோம். அப்ப மூலைத் தொட்டில்ல தூங்கிக்கிட்டிருந்த பொடிசு ஒண்ணு, இன்னும் பேச்சே சரியா வராதது, கண்ணைக்கூடத் திறக்காம "ஓய்…"ன்னு பதில் குடுத்துச்சு. மல்லிகா ஈரக் கையோட ஓடிப் போயி அது வாயைப் பொத்துனா. "ஐயோ சாமி, இதுக்கு யாருமே சொல்லிக் குடுக்கலீங்களாக்கா"ன்னு அவளுக்கு அழுகையே வந்துருச்சு.

மூணாவது வரல. திரையில மிஸ்ட் செவந்துச்சு, அவரு வந்தாரு. தலையோட பிளாஸ்டிக் சீட்டைப் போத்தி, மழையில வேலைக்குப் போற அதே கோலத்துல வந்து, முகத்துக்குப் பதிலா ஒரு ஓட்டையோட நின்னாரு. அவரை வெட்டுனாத்தான் கேம் முடியும்னு வெச்சிருக்க, அதுவும் அவரு கத்தியை வெச்சே. நான் வெட்டல ராசு. நின்னேன். அவரு என்னைக் கொன்னாரு. திரும்ப ஆடுனேன், திரும்பக் கூப்பிட்டாரு, திரும்ப நின்னேன். அப்புறம் அந்தப் பொடிசு செஞ்சதை நானும் செஞ்சு பாத்தேன். ரெண்டாவது கூப்பாட்டுக்கே பதில் பட்டனை அமுக்குனேன். ஒண்ணும் நடக்கல. அமுக்கி அமுக்கி விரல் வலிச்சுப் போச்சு. கேம் முழுக்க வேலை செஞ்ச பட்டன் அந்த ஒரு இடத்துல மட்டும் செத்துப் போயிருக்கு. அது தன்னால கெட்டுப் போகல, நீ எடுத்திருக்க.

அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. அன்னைக்கு அவரு கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்கு.

இத்தனை வருசமா எனக்குத் தோணவே இல்லடா. மழைன்னு பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளு. நீ காம்பரா வாசல்ல குப்புறப் படுத்து அந்தப் பழைய கேமை ஆடிக்கிட்டிருந்த. அது கையில இருந்தா உனக்கு இடி விழுந்தாலும் கேக்காதுன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்கப்பா ஓடைச் சரிவுல கவ்வாத்து வெட்டிக்கிட்டிருந்தாரு. சாயங்காலம் ஆகுறதுக்கு முன்னாடியே மிஸ்ட் மூடிருச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டாரு. நீ தனியா உக்காந்து, அம்மா சொல்லிக் குடுத்த மாதிரி மூணாவதுக்குக் காத்திருந்திருக்க. அது வரல. அதுக்கப்புறம் ஆளுங்க தேடிப் போயி அவரை ஓடைப் பக்கத்துல இருந்து தூக்கிட்டு வந்தாங்க. அந்தப் பாரத்தை ஒரு வார்த்தை சொல்லாம நீ வளந்திருக்க. நான் உன்னைச் சோம்பேறின்னு திட்டிக்கிட்டே பெத்தவளா இருந்திருக்கேன்.

இப்ப நான் சொல்றதை நிறுத்தி நிதானமாப் படி. உனக்கு மட்டும் கேக்கல. நான் குழாயடியில நின்னேன், எனக்கும் கேட்டுச்சு. குடத்தோட நின்ன எல்லாப் பொம்பளைங்களுக்கும் கேட்டுச்சு. மூணாவது நல்லாக் கேக்கட்டும்னு யாரோ குழாயை மூடுனாங்க. லயமே சத்தமில்லாம நின்னுச்சு. பெரிய ஆளுங்க, மலையில பொறந்து மலையில வளந்தவங்க, ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. அத்தனை பேர் காத்திருந்த இடத்துல, மிட்டாய்க்கு அழுகிற வயசுல இருந்த நீ மட்டும் என்னடா பண்ணியிருக்க முடியும்? உடனே ஓடியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரான்னு கேட்டா எனக்குத் தெரியாது. மாரடைப்பு, விழும்போதே போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. டாக்டருங்க நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவாங்க. பொய் சொல்லி உன்னைத் தேத்த மாட்டேன். ஆனா அது உன் ஒருத்தன் தலையில விழுந்ததில்ல. விழுந்திருந்தா லயம் மொத்தத்துக்கும் விழுந்தது, அதுல மொத ஆள் நான்.

குரலை நீ எங்க இருந்து எடுத்தன்னும் கண்டுபிடிச்சிட்டேன். சித்தப்பா கல்யாண சீடி. பந்தியில நின்னுக்கிட்டு உன்னைக் கூப்பிடுவாரு. அந்த சீடியை நான் எத்தனை தடவை போட்டுப் பாத்திருப்பேன்னு நெனைக்கிற? ரெண்டு தடவை பேரைச் சொல்லிட்டு, "எலை போட்டாச்சு, வாடா"ம்பாரு. நீ ஓடி வருவ, சட்டைப் பட்டன் மாத்திப் போட்டிருக்கும். அந்த "எலை போட்டாச்சு, வாடா"வை வெட்டிட்டு, சோறு போடக் கூப்பிட்ட மனுசனைப் பேயாக்கி நிறுத்தியிருக்க. பேயைப் பண்ணத் தெரிஞ்சிருக்கு உனக்கு, பாராட்டுறேன். ஆனா அது உங்கப்பா இல்ல.

உண்மையைச் சொல்லுன்ன. உன் கேம் ரொம்ப நல்ல கேம். கடைசி ஒரு இடம்தான் பொய். கூட இருக்கிற பிள்ளைங்க கடைசியில ஒரு பெரிய சண்டை வேணும்னு சொல்லுவாங்க. இருக்கட்டும், அந்தத் துரைசானி சும்மாதானே படத்துல தொங்குறா, அவளோட சண்டை போடட்டும். ஆனா சரிவுக்கு வந்தா அந்தப் பட்டனைத் திருப்பிக் குடு. அது வரைக்கும் மூணாவதுக்குக் காத்திரு, காத்திருன்னு விரலுக்குப் பழக்கி வெச்சிருக்கியே, அந்த விரல் அங்க தன் பழக்கத்தைத் தானே மீறணும். எவன் பயத்தை முழுங்கிட்டு ரெண்டாவது கூப்பாட்டுக்கே பதில் குடுக்குறானோ, அவனுக்கு உங்கப்பா மிச்சத்தையும் சொல்லட்டும். எலை போட்டாச்சு, வாடா. செத்தவரு சாப்பிடக் கூப்பிட்டா பயமாத்தான் இருக்கும். இருக்கட்டுமே, பேய்க் கேம்தானே. அப்புறம் ரெண்டு பேரும் அந்த அடுப்பு ரூமுக்கு நடந்து போகட்டும், அந்தக் கவுத்து வெச்ச டம்ளரை நிமித்து. என்னால செய்ய முடியல, நீதான் செய்யணும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கு.

லயத்துல இப்ப ஒரே பேச்சு. செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுத்துட்டு வந்தவங்களுக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கு. ரெண்டு வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. மல்லிகா மூச்சு விடல, நானும் சொல்லல. கொஞ்ச நாள் பயந்துக்கிட்டுக் கிடக்கட்டும்.

இன்னொண்ணு. நான் போன் பண்ணா நீ மொத ரெண்டு தடவை எடுக்கிறதே இல்ல. மூணாவது தடவை அடிச்சாத்தான் எடுப்ப. பெங்களூர் போனதும் பையனுக்குக் கொழுப்பு ஏறிருச்சுன்னு மல்லிகாகிட்ட உன்னைக் கண்டபடி திட்டியிருக்கேன். இப்பதான் எனக்குப் புரியுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறாக்கி வெச்சிட்டு உன்னைக் கூப்பிடுவேன். பேயெல்லாம் போன் பண்ணாதுடா ராசு. மொதத் தடவையே எடு.

அம்மா